டோர்கஸ் வளைவின் நாற்பத்தியொரு குழிகள்

டோர்கஸ் வளைவு, அலபாமா
மார்ச் 7, 1991, வியாழன்

ஆர்மிட்டாவுக்கு எசேக்கியா டப்ஸ் சொல்ல, நர்ஸ் டெல்ஃபின் எழுதியது.

நம் குத்துச்சண்டைக்காரன் ஜோ லூயிஸ் அந்த ஜெர்மன்காரனை முதல் ரவுண்டிலேயே மல்லாக்கச் சாய்த்த வருஷம் அது. லீவை பூன் தன் கடை ஜன்னலில் கார் பேட்டரி ரேடியோவைத் தூக்கி வைத்திருந்தான். நம் ஊரே முற்றத்தில் நின்றது. உன் அப்பா பூட்ஸ் கடிக்கிறதென்று குனிந்து கயிற்றை அவிழ்த்தார். நிமிர்ந்தால் சண்டை முடிந்துவிட்டது. "யாருடா விழுந்தது? நம்மாளா? ஐயோ நம்மாளா?" என்று ஒரு கால் பூட்ஸோடு சுற்றிச் சுற்றி வந்தார். உன் அம்மா லோவி போய் இரண்டு மாதம்கூட ஆகாத வீடு. அன்றைக்குத்தான் அவர் முதல் தடவை சிரித்தார்.

அந்த வருஷத்தில்தான் ஆரம்பிக்க வேண்டும், ஏனென்றால் நீ என்னோடு பேச்சை நிறுத்தியதும் அந்த வருஷக் கடைசியில்தான். ஐம்பத்திரண்டு வருஷம் ஆயிற்று. உன் விலாசத்தை மோபிலில் இருக்கும் உன் சித்தி மகள் கொடுத்தாள். கோபித்துக்கொள்ளாதே.

விஷயம் இதுதான். பூனின் பேரன்கள் தங்கள் பாகத்தை ஒரு சரளைக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். நம் கல்லறை மேடும் அதற்குள் போய்விட்டது. மேட்டுக்கு அடியில் நல்ல சரளையாம். தோண்டப் போகிறார்கள். "இது கல்லறை ஐயா" என்று கவுண்டி ஆபீசில் போய்ச் சொன்னேன். அந்தப் பையன் ஒரு நிலப் படத்தை விரித்தான். "பெரியவரே, இதுல கல்லறையே இல்ல. டோர்கஸ் வளைவுன்னு ஒரு ஊரும் இல்ல" என்றான். என் பெண்டாட்டி வெர்லினைப் புதைத்த சவக் கம்பெனிக் காகிதத்தைக் காட்டினேன். 'அடக்கம்: டோர்கஸ் வளைவு' என்று போட்டிருக்கிறதாம். "இல்லாத ஊர்ல எப்படி அடக்கம் பண்ணுவாங்க?" என்று கேட்டுச் சிரித்தான்.

ஏழைகளுக்கு வாதாடும் வக்கீலம்மா ஹாலண்ட் ஒரு வழி சொன்னாள். ஒரே குடும்பத்தில் பிறக்காத இரண்டு பேர், எந்தக் குழியில் யார் கிடக்கிறார்கள் என்று பிரமாணம் செய்து சொன்னால் கவுண்டி கமிஷன் கேட்குமாம். விசாரணை ஜூன் 18. நான் ஒரு ஆள். நாற்பத்தியொரு பேரும் எனக்கு மனப்பாடம். இன்னொரு ஆள் நீதான். வேறு யாரும் இல்லை.

எனக்கு எண்பத்தியொன்று. வெர்லின் பக்கத்தில் ஒரு ஆள் கிடக்கும் இடத்தை விட்டு வைத்திருக்கிறேன். நான் கேட்பது அவ்வளவுதான்.

எசேக்கியா

*

டெட்ராய்ட்
மார்ச் 24, 1991

திரு. எசேக்கியா டப்ஸ் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. என் மகள் வாசித்துவிட்டு, "யாரும்மா இவரு? நீ இவரைப் பத்திச் சொன்னதே இல்லையே" என்றாள். சொல்லும்படியாக எதுவும் இல்லை என்றேன்.

கவுண்டிக்காரன் மேட்டைப் பார்த்து இது கல்லறை இல்லை என்கிறானாம், உங்களுக்குப் பொறுக்கவில்லையாம். அது கல்லறை மாதிரி இல்லாமல் ஆனது யாரால்?

நம் ஜனங்களுக்குக் கல்லில் பேர் வெட்ட வசதியும் இல்லை, வாசிக்கத் தெரிந்தவர்களும் அதிகம் இல்லை. ஒருத்தர் செத்தால் அவர் கை கடைசியாகப் பட்ட சாமானை உடைத்துக் குழிமேல் வைப்போம். உடைத்தால்தான் சங்கிலி அறும், அந்த வீட்டிலிருந்து அடுத்த ஆள் பின்னால் போகமாட்டார்கள் என்று. கோப்பை, விளக்குக் கண்ணாடி, பொம்மைத் தலை, பல் செட்டு. எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைகூட அந்த மேட்டில் நின்று யார் யார் என்று சொல்லிவிடும். என் அம்மா குழிமேல் நீலக் கரை போட்ட கோப்பையும், அவள் போன நேரத்தில் நிறுத்தின கடிகாரமும் இருந்தன.

அந்த அக்டோபரில் நீங்கள் கோவேறு கழுதை வண்டியைக் கட்டிக்கொண்டு வந்து, முப்பத்தெட்டு குழிச் சாமானையும் அள்ளி, ஓடைப் பள்ளத்தில் கொட்டினீர்கள். எனக்குப் பதினேழு வயது. வண்டிக்குப் பின்னால் ஓடி வந்தேன். "அண்ணே, எங்கம்மா கோப்பையை மட்டும் குடுத்திரு அண்ணே" என்று கத்தினேன். நீங்கள் கழுதையைத் தட்டி விட்டீர்கள். திரும்பியே பார்க்கவில்லை.

ஜனவரியில் என் தம்பி ஜூனியஸ் போனான். ஆறு வயசு. மூன்று நாள் காய்ச்சலில் "அம்மா கோப்பையைத் தேடுறா, அம்மா கோப்பையைத் தேடுறா" என்றே அரற்றினான். அதற்கு மேல் எனக்கு எழுத ஒன்றுமில்லை.

வேறு ஆளைப் பாருங்கள்.

ஆர்மிட்டா

*

டோர்கஸ் வளைவு
ஏப்ரல் 4, 1991

ஆர்மிட்டா,

டெல்ஃபின் உன் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தாள். மூன்றாவது தடவை கேட்டேன், "போதும் தாத்தா, பிரஷர் ஏறுது" என்று மடித்து வைத்துவிட்டாள்.

வேறு ஆளைப் பார் என்கிறாய். யாரை? சொல்கிறேன் கேள்.

அடிமைத்தனம் போய் விடுதலை வந்த மூன்றாம் வருஷம் டோர்கஸ் அம்மா இந்த ஓடை வளைவில் நிலம் பிடித்தாள். வெள்ளைக்காரன் விற்றதற்குக் காரணம், பாதி சதுப்பு, மீதி களிமண். பதினோரு குடும்பம். முதல் வருஷம் மரப்பட்டைக் கூரைக்குக் கீழே எல்லாருமாகக் கிடந்தார்கள். என் தாத்தா சொல்லுவார், "மழை பெஞ்சா வெளியில நிக்கிறதும் உள்ள நிக்கிறதும் ஒண்ணுதான், உள்ளே ஆள் ஜாஸ்தி, அவ்வளவுதான்." பிறகு சர்ச் வந்தது. பருத்தி அரவை மில் வந்தது. பள்ளிக்கூடம் வந்தது, வருஷத்தில் நாலு மாசம். எனக்கு அந்த நாலு மாசமும் ஏர் பிடிக்கிற மாசமாக அமைந்துபோயிற்று. மேயர் இல்லை, போலீஸ் இல்லை, எல்லைக்கல் இல்லை. எங்கே ஊர் முடிகிறது என்று கேட்டால், டோர்கஸ் அம்மா உரக்கக் கூப்பிட்டால் எதுவரை கேட்குமோ அதுவரை என்பார்கள்.

பருத்திப் புழு வந்த வருஷம் நாலு குடும்பம் போயிற்று. மில் எரிந்த வருஷம் இரண்டு. யுத்தத்தில் பிளேன் செய்கிற வேலைக்கு என்று உன்னைப் போல வாலிபப் பிள்ளைகள் எல்லாரும் ரயில் ஏறினீர்கள். அரசாங்கம் தார் ரோட்டை மூன்று மைல் தள்ளிப் போட்டதும் லீவை பூன் கடையை மூடினான். சர்ச்சில் கடைசி ஆராதனைக்கு நாங்கள் ஐந்து பேர். அதில் ஒருத்தி ரோட்டில் வழி தெரியாமல் வந்தவள்.

இதில் யாரைப் பார்க்கச் சொல்கிறாய்?

அந்த வண்டி விஷயம். அது போதகர் டேட் சொன்னது. ஊருக்குத் தபால் ஆபீஸ் கேட்டிருந்தோம். தபால் ஆபீஸ் வந்தால் படத்தில் பேர் ஏறும், படத்தில் ஏறினால் ரோடு வரும். அதைப் பார்வையிட இன்ஸ்பெக்டர் வருவதாக இருந்தது. மேட்டில் உடைந்த தட்டும் விளக்குமாகக் கிடந்தால் குப்பைமேடு என்று நினைப்பான், சுத்தம் பண்ணு என்றார் போதகர். படித்த மனுஷன். நான் செய்தேன். என்னிடம்தான் வண்டி இருந்தது.

சத்தியம் செய்ய வா தங்கச்சி.

எசேக்கியா

*

டெட்ராய்ட்
ஏப்ரல் 20, 1991

எசேக்கியா அண்ணன்,

'அண்ணன்' என்று எழுதியது பழக்க தோஷம். அடித்துவிடப் பார்த்தேன். காகிதம் கிழியும் என்று விட்டேன்.

போதகர் டேட் செத்து முப்பது வருஷம் ஆயிற்று. செத்தவன் தலையில் போடுகிறீர்களே. அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் வாளியோடு நான் நின்றிருந்தேன். அவர் சொன்னது காதில் விழுந்தது. "மேட்டுல களை மண்டிக் கிடக்கு எசேக்கி, கொஞ்சம் செதுக்கி விடு." அவ்வளவுதான். சாமானைத் தொடச் சொல்லவே இல்லை. இது ஐம்பத்திரண்டு வருஷமாக எனக்குத் தெரியும். என்றாவது நீங்களே சொல்வீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் வக்கீலம்மா போனில் பேசினாள். நல்ல பெண். நீங்கள் கொடுத்த வரிசைக் கணக்கைத் தபாலில் அனுப்பினாள். பார்த்தேன். 'லோவி ஜைல்ஸ், இரண்டாம் வரிசை, மூன்றாம் குழி.'

என் அம்மா கேதுரு மரத்தடியில் கிடக்கிறாள். அதுகூடத் தெரியாமல்தான் எல்லாம் மனப்பாடம் என்று பீற்றிக்கொள்கிறீர்களா? இரண்டாம் வரிசை மூன்றாம் குழி ஆசா கொல்லனுடையது. எங்கம்மாவை மண்ணுக்குள் இறக்கும்போது நான் அந்தக் கேதுருவின் கிளையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிசின் கையில் ஒட்டி இரண்டு நாள் போகவில்லை. வக்கீலம்மாவிடமும் இதைச் சொல்லிவிட்டேன். அவள் எழுதிக்கொண்டாள்.

உண்மையைச் சொல்லுங்கள். பிறகு யோசிக்கிறேன்.

ஆர்மிட்டா

*

டோர்கஸ் வளைவு
மே 2, 1991

ஆர்மிட்டா,

டெல்ஃபினைக் கொஞ்ச நேரம் சோளரொட்டி தின்னச் சொல்லிவிட்டு யோசித்தேன். இவள் முன்னால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று இருந்தது. "நான் வெறும் பேனா தாத்தா, சொல்லுங்க" என்றாள்.

நீ கேட்டது சரி. போதகர் களையைத்தான் சொன்னார். சாமானை அள்ளினது என் யோசனை.

தபால் ஆபீஸ் வந்தால் அதை நடத்த எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். ஊரில் அப்போது தப்பில்லாமல் எழுதத் தெரிந்த பெரியவர்கள் மூன்று பேர். போதகர், உன் அப்பா, என் வெர்லின். அவளுக்கு அது கிடைக்கும் என்று பேச்சு. தினம் சாயங்காலம் பழைய காகிதத்தில் எல்லார் பேரையும் அழகாக எழுதிப் பழகினாள். என்னைக் கட்டிக்கொண்டதால் அவள் பருத்தி பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு பேரைக்கூட வாசிக்கத் தெரியாத ஒருத்தனைக் கட்டிக்கொண்டதால். அந்த மேஜைக்குப் பின்னால் அவளை உட்கார வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு வெறி. இன்ஸ்பெக்டர் கண்ணில் ஒரு உடைந்த தட்டுகூடப் படக்கூடாது என்று நினைத்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது ஆர்மிட்டா. நம் சாமான்களைப் பார்த்து வெட்கப்பட்டேன்.

நீ கத்தினது கேட்டது. திரும்பினால் நின்றுவிடுவேன் என்று தெரியும். அதனால் திரும்பவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தான். காரை விட்டு இறங்கவில்லை. "சேறு முழங்கால் அளவு இருக்கே, இதுல எவன் தபால் கொண்டு வருவான்?" என்று சொல்லித் திருப்பிக்கொண்டு போனான். மேட்டுப் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை.

அதற்கப்புறம் அந்த மேட்டில் சாமான் வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. ஜூனியஸுக்கு வைக்கவில்லை. லீவை பூனுக்கு வைக்கவில்லை. வெர்லின் போனபோது அவள் மூக்குக்கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு குழிக்கரையில் வெகுநேரம் நின்றேன். நானே எல்லாருடையதையும் அள்ளினவன், என் பெண்டாட்டிக்கு மட்டும் வைப்பேனா? பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். மரச் சிலுவை ஒன்று நட்டேன். அதுவும் புல் தீயில் போயிற்று.

இதெல்லாம் என் தப்பு. ஆனால் கேதுரு விஷயத்தில் உன் நினைவுதான் தப்பு. உன் அம்மா குழியை வெட்டினவன் நான். முதலில் கேதுருவடியில்தான் கொத்தினேன், உன் அப்பா அங்கேதான் கேட்டார். ஒரு முழம் போனதும் தொடை கனத்துக்கு வேர். கோடாலி கொண்டு வந்து வெட்டினேன், அதற்குக் கீழே இன்னொன்று. "முடியாது ஜைல்ஸ் அண்ணே" என்றேன். தள்ளிப்போய் இரண்டாம் வரிசையில் வெட்டினேன். மரத்தடியில் தோண்டிப் போட்ட மண் குவியலாகவே கிடந்தது. நீ அதன் பக்கத்தில் நின்றாய். கண்ணைத் திறக்கவே இல்லை நீ.

எசேக்கியா

*

டெட்ராய்ட்
மே 15, 1991

எசேக்கி அண்ணே,

வக்கீலம்மா ஹாலண்ட் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். இனிமேல் குழிகளைப் பற்றி நாம் ஒரு வார்த்தையும் எழுதிக்கொள்ளக் கூடாதாம். ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்தோம் என்று எதிர்க்கட்சி வக்கீல் பிடித்துக்கொள்வானாம். நான் இங்கே நோட்டரி முன்னால் குழி வரிசையை வரைந்து கையெழுத்துப் போட வேண்டும். நீங்கள் அங்கே வாயால் சொல்ல வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்களாம்.

செய்கிறேன். உங்களுக்காக இல்லை. ஜூனியஸை ஒரு இயந்திரம் அள்ளி லாரியில் போடுவதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன். அந்த வார்த்தை வரவில்லை. ஆனால் முன்பிருந்த மாதிரியும் இல்லை. வெர்லின் அக்கா எனக்கு எழுத்துப் போடச் சொல்லிக் கொடுத்தவள். நீங்கள் அவளுக்காகச் செய்தீர்கள் என்பது எனக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது. தெரிந்திருந்தால் கோபம் இன்னும் கூடியிருக்குமா, குறைந்திருக்குமா, தெரியவில்லை.

நான் பிரமாணத்தில் பொய் சொல்ல மாட்டேன். எது உண்மை என்று மனசுக்குப் படுகிறதோ அதைத்தான் சொல்வேன். உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

ஆர்மிட்டா

*

டோர்கஸ் வளைவு
மே 30, 1991

ஆர்மிட்டா,

சொல்லக்கூடாததைச் சொல்லவில்லை. டெல்ஃபின் காவல் இருக்கிறாள். வாயைத் திறந்தாலே "குழி பேச்சா?" என்கிறாள்.

சர்ச் பூட்டு துருப்பிடித்து உடைந்துவிட்டது. உள்ளே ஒரு ஆந்தை குடும்பம் நடத்துகிறது. உன் வீடு இருந்த இடத்தில் புகைபோக்கி மட்டும் நிற்கிறது. பக்கத்தில் உன் அம்மா நட்ட சீனாபெர்ரி மரம் இன்னும் பூக்கிறது. கம்பெனிக்காரர்கள் சிவப்புத் துணி கட்டின குச்சிகளை மேட்டைச் சுற்றி நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். நேற்று நாலைப் பிடுங்கினேன். இன்று அதே இடத்தில் நாலு புதுசு.

எண்பத்தியொரு வருஷத்தில் எனக்கென்று இருந்தது நினைவு ஒன்றுதான். நிலத்தில் பாதி போயிற்று, பெண்டாட்டி போனாள், பிள்ளை இல்லை, எழுத்து இல்லை. எவனாவது எந்த வருஷம் என்ன என்று கேட்டால் சொல்வேன், அது சரியாக இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

இந்த ஒரு வாரமாகத் தூக்கமில்லை. மனுஷனுக்கு நினைவு பெரிதா, இன்னொருத்தர் மனசு பெரிதா என்று யோசிக்கிறேன். இதற்கு மேல் டெல்ஃபின் எழுத மாட்டேன் என்கிறாள்.

எசேக்கியா

*

டெட்ராய்ட்
ஜூன் 27, 1991

அண்ணே,

என்ன செய்தீர்கள்? ஏன் அப்படிச் செய்தீர்கள்?

வக்கீலம்மாவின் கடிதம் இப்போதுதான் வந்தது. தபால் பெட்டியடியில் நின்றுகொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பிரமாணத்தில் நின்று லோவி ஜைல்ஸ் கேதுரு மரத்தடியில் கிடக்கிறாள் என்று சொன்னீர்களாமே. இரண்டாம் வரிசையில் அவள் இடம் காலியானதால் ஆசா கொல்லனை அங்கே நகர்த்தி, அவருக்குப் பின்னால் அத்தனை பேரையும் ஒவ்வொரு குழி நகர்த்திச் சொன்னீர்களாமே.

நான் எழுதியது இரண்டாம் வரிசை, மூன்றாம் குழி. நீங்கள் முதலில் சொன்னது போலவே, ஒன்றுவிடாமல்.

நோட்டரி ஆபீசில் பென்சிலைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். கேதுரு கிளை கையில் இருந்தது, அது நிஜம். ஆனால் குழியை நான் பார்க்கவே இல்லை. வேரை வெட்டினவர் நீங்கள். வேர் பொய் சொல்லுமா? குழி வெட்டினவனுக்குத்தான் தெரியும் என்று மனசுக்குப் பட்டது. சத்தியமாக அதுதான் உண்மை என்று நினைத்துத்தான் எழுதினேன். நான் தப்பாக நினைத்திருந்ததற்கு என் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு எழுதினேன்.

வக்கீலம்மா எழுதுகிறாள்: அவள் முன்பே கமிஷனுக்குக் கொடுக்க வேண்டியிருந்த நம் இருவருடைய முதல் கணக்கும் பொருந்தவில்லை, இரண்டாவது கணக்கும் பொருந்தவில்லை, ஆளுக்கொரு தடவை மாற்றிச் சொல்லியிருக்கிறார்கள், ஆகவே இவர்களுக்கே தெரியாது என்று எதிர் வக்கீல் சொன்னானாம். எட்டுப் பேர் இடம் மாறியிருக்கிறார்களாம். கமிஷன் ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டதாம்.

என் மகள் கேட்கிறாள், "அம்மா, ரெண்டு பேர்ல ஒருத்தராவது விட்டுக்கொடுக்காம இருந்திருந்தா ஜெயிச்சிருப்பீங்களே?" அவளை அதட்டினேன். அதட்டினதற்கப்புறம் அது நிஜம் என்று தோன்றியது.

எழுதுங்கள். ஏன் என்று எழுதுங்கள்.

உங்கள் ஆர்மிட்டா

*

டோர்கஸ் வளைவு
ஜூலை 11, 1991

ஆர்மிட்டா,

ஏன் என்று கேட்டாய்.

அந்த வேர் நிஜம்தான். நான் முதலில் சொன்னதுதான் சரி. நீ எழுதினதுதான் சரி. அன்றைக்கு அந்த அறையில் பொய் சொன்னது நான் ஒருத்தன்.

பைபிளில் கையை வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். வக்கீலம்மா ஒவ்வொரு குழியாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். முதல் வரிசை முழுக்கச் சொன்னேன். இரண்டாம் வரிசைக்கு வந்ததும் வண்டிச் சத்தம் காதில் கேட்டது. பின்னால் நீ ஓடி வருகிறாய். ஒரு தடவை உன் அம்மாவை உன்னிடமிருந்து எடுத்தாயிற்று. இன்னொரு தடவை, அதுவும் கையைப் புத்தகத்தில் வைத்துக்கொண்டு, அவள் நீ நினைக்கிற இடத்தில் இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. நீயும் கேதுருவடி என்றுதான் வரைந்திருப்பாய் என்று நினைத்தேன். நீதான் பிரமாணத்தில் பொய் சொல்ல மாட்டேன் என்று எழுதியிருந்தாயே. கணக்கு பொருந்திவிடும், உனக்கும் மனசு ஆறும் என்று நினைத்தேன். எண்பத்தியொரு வருஷத்தில் முதல் தடவை நினைவில் இல்லாததைச் சொன்னேன். அதுவே எல்லாவற்றையும் கெடுத்தது.

உன் காகிதத்தை வாசித்ததும் எதிர் வக்கீல் எழுந்து நின்றான். சின்ன வயசு, நல்ல சூட்டு. "பெரியவரே, நீங்க முதல்ல மூணாம் குழின்னீங்க, இப்ப மரத்தடிங்கிறீங்க. அந்தம்மா முதல்ல மரத்தடின்னாங்க, இப்ப மூணாம் குழிங்கிறாங்க. அந்த அம்மணி உள்ள நடந்துகிட்டே இருக்காங்களா?" என்றான். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டெல்ஃபின் அழுதாள். "ஐயா, முதலில் சொன்னதுதான் சரி" என்று எழுந்தேன். நடுவில் இருந்த கமிஷன் ஐயா கை காட்டி உட்காரச் சொன்னார். "உட்காருங்க பெரியவரே, பதிவு முடிஞ்சிடுச்சு." வக்கீலம்மா மேல் கோர்ட்டுக்குப் போகலாம் என்றாள், பிறகு காகிதத்தைப் புரட்டிப் பார்த்து, பிரமாணம் பண்ணினதை மாற்ற முடியாது என்று அவளே சொல்லிவிட்டாள்.

இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. நீ நல்லதைச் செய்தாய்.

திங்கட்கிழமை இயந்திரம் வந்தது. மஞ்சள் நிறம், சர்ச்சைவிட உயரம். முதலில் கேதுருவைச் சாய்த்தார்கள். அப்புறம் மேல்மண்ணை ஒரே வாரலாக வாரி ஒதுக்கினார்கள். நான் வேலிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஓட்டுகிறவன் நம் ஜனம், செல்மாப் பக்கத்துப் பையன். வேலையை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். "தாத்தா, எலும்பு மாதிரி ஏதாவது வந்தா நிறுத்தச் சொல்லியிருக்காங்க. ஒண்ணும் வரல தாத்தா" என்றான். வராது. பெட்டி இல்லாமல் துணியில் சுற்றி வைத்த ஜனங்கள், வெர்லினுக்கு வைத்த மெல்லிய பலகைப் பெட்டியும் எப்போதோ மக்கியிருக்கும், நூறு வருஷத்து ஈரக் களிமண். என்ன மிஞ்சும்? "இரண்டாம் வரிசை மூணாம் குழி, அங்க மெதுவாப் போ அப்பா" என்றேன். எங்கே என்று கேட்டான். கையைக் காட்டினேன். அங்கே வரிசையே இல்லை. சிவப்பு மண் மட்டும்தான். வெர்லின் பக்கத்தில் எனக்கென்று விட்ட இடமும் எதுவென்று தெரியவில்லை.

அடுத்த திங்கட்கிழமை என்னைக் கவுண்டி முதியோர் விடுதிக்குக் கொண்டுபோகிறார்கள். செத்தால் அங்கேயே பின்பக்கம் புதைப்பார்களாம், வந்த வரிசைப்படி. பக்கத்தில் யார் என்று முன்கூட்டித் தெரியாதாம். இதயம் களைத்துவிட்டது, பருத்தி வெடிக்கிற வரைக்கும் தாங்கினால் பெரிது என்று டாக்டர் டெல்ஃபினிடம் சொல்லியிருக்கிறார். அவள் என்னிடம் சொல்லவில்லை. கதவுக்குப் பின்னால் கேட்டேன்.

அந்த கமிஷன் ஐயா எழுந்திருக்கும்போது ஒன்று கேட்டார், கேலியாக இல்லை, நிஜமாகவே கேட்டார். "இந்த டோர்கஸ் வளைவுக்காரங்கன்னு இப்ப யாராவது இருக்காங்களா?" நான் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வீட்டுக்கு வந்து பதிலைச் சொல்லிப் பார்த்தேன். டோர்கஸ் அம்மாவின் ஆட்கள் கடைசியாகப் பர்மிங்ஹாமில் முடிந்தார்கள். ஆசா கொல்லனுக்கு வாரிசு இல்லை. லீவை பூனின் பேரன்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் ஒரு நாளும் இந்தத் தண்ணீரைக் குடித்ததில்லை, அவர்களைச் சேர்க்க மாட்டேன். போதகர் வெளியூர். டப்ஸ் வீட்டில் நான். பருத்தி வெடிக்க இன்னும் ஆறு வாரம், என்னை எண்ணாதே. சீனாபெர்ரி மரத்தடியில் பிறந்து, இந்த ஓடையில் குளித்து, இந்த சர்ச்சில் ஞானஸ்நானம் வாங்கி இன்னும் மூச்சு விடுகிற ஆள் ஒருத்தர்தான்: லோவி ஜைல்ஸ் மகள் ஆர்மிட்டா.